மதுவும் டயசிபமும் எலிக்கு ஒன்றுதானா?

கிருஷ்ணகிரியிலிருந்து எழுதியிருக்கும் தங்கைக்கு வணக்கம். மதுவை அடையாளம் காணப் பழக்கிய எலி, டயசிபம் என்ற பதற்றம் தணிக்கும் மருந்தைக் கொடுத்தபோதும் மதுவுக்குரிய நெம்புகோலையே அழுத்தியதாகப் படித்து, அதற்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறதா என்று கருத்தரங்கக் கட்டுரைக்காகக் கேட்டிருக்கிறீர்கள்.

அப்படி முடிவு செய்துவிடாதீர்கள். அந்தக் கூண்டில் இருப்பவை இரண்டே நெம்புகோல்கள். மது செலுத்திய நாளில் ஒன்றையும், வெறும் நீர் செலுத்திய நாளில் மற்றொன்றையும் அழுத்தினால்தான் தீனி உருண்டை விழும். ஆகவே டயசிபம் செலுத்தப்பட்ட எலி தெரிவிப்பது, 'இது நீரைவிட மதுவுக்கு நெருக்கமானது' என்பதை மட்டுமே. மது, டயசிபம், தூக்க மருந்தான பென்டோபார்பிட்டல் மூன்றும் மூளை நரம்பணுக்களை அடக்கும் காபா-ஏ ஏற்பியின் செயலைக் கூட்டுவதால் வரும் நெருக்கம் அது. மது, நரம்பணுக்களைத் தூண்டும் என்எம்டிஏ ஏற்பியையும் தடுப்பதால், அந்த ஏற்பியைத் தடுக்கும் டைசோசில்பைன் என்ற மருந்தும் எலியை மது நெம்புகோலுக்கே கொண்டுசெல்கிறது. நீரை விலக்கி, ஒரு நெம்புகோலை மதுவுக்கும் மற்றொன்றைப் பென்டோபார்பிட்டலுக்கும் ஒதுக்கிப் பழக்கியபோது எலிகள் இரண்டையும் பிரித்தறியக் கற்றுக்கொண்டன என்பது 1970களிலேயே தெரிந்த செய்தி.

எலி தள்ளாடுவதையும், அது மருந்தை அடையாளம் காண்பதையும் தயவுசெய்து குழப்பிக்கொள்ளாதீர்கள். தருமபுரியில் படித்த நாட்களில் நான் பழக்கிய எலியொன்று, மருந்து நாளில் தலை தொங்கக் கம்பிமேல் சாய்ந்து கிடக்கும். வெகுநேரம் கழித்து எழுந்து, மெல்ல நகர்ந்து, சரியான நெம்புகோலிலேயே முன்னங்காலை வைக்கும். எத்தனை முறை அழுத்தியது என்பது மயக்கத்தின் அளவு. எந்த நெம்புகோலில் எத்தனை விழுக்காடு என்பதே அறிதலின் அளவு. இரண்டையும் தனித்தனி வரைபடமாகக் காட்டுங்கள். பழக்கிய மதுவின் அளவையும் மறவாமல் குறிப்பிடுங்கள், ஏனெனில் அது மாறினால் எந்த மருந்து மதுவுக்கு ஈடாகும் என்பதும் மாறும்.