புதுமையான இடைமுக யோசனையை ஆராய்ச்சியாக்குவது எப்படி? முதலில் அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள்

கேள்வி: வடிவமைப்பில் முதுகலை முடித்து இப்போது பிஎச்டி முதல் ஆண்டில் இருக்கிறேன், துறை மனித-கணினி ஊடாட்டம், அதாவது மனிதர்கள் கணினியோடு பழகும் விதத்தையும் அதற்கான இடைமுகங்களையும் ஆராய்வது. மேஜைமேல் கிடக்கும் காகிதங்களைக் கணினியே பார்த்து, அவற்றுக்குத் தொடர்பானதை அந்த மேஜையின் மேலேயே காட்ட வேண்டும், தனியாகத் திரையே வேண்டாம் என்பது என் யோசனை. இதை யாரும் செய்ததாகத் தெரியவில்லை. 30 பேரை வைத்து இப்போதுள்ள ஏதாவது ஆப்போடு ஒப்பிட்டு எண்களோடு வா என்கிறார் கைடு. பணம் கட்டினால் 3 வாரத்தில் சர்வதேச ஜர்னலில் பேப்பர் போட்டுத் தருகிறோம், பேட்டன்ட்டும் எடுத்துத் தருகிறோம் என்கிறது ஒரு கன்சல்டன்சி. எதை முதலில் செய்யட்டும்?

பதில்:

பணம் கட்டாதீர்கள். மற்றதெல்லாம் பேசிக்கொள்ளலாம். ஏன் என்று கீழே விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நல்ல யோசனையோடு வரும் பிள்ளைகள் இந்த 3 வாரக் கும்பலிடம் சிக்கி வீணாவதைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் உங்கள் யோசனை. யாரும் செய்யவில்லை என்கிறீர்கள், செய்திருக்கிறார்கள். 1991-லேயே. கேம்பிரிட்ஜில் இருந்த ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் பியர் வெல்னர் என்பவர் மேஜைக்கு மேலே ஒரு கேமராவையும் ப்ரொஜெக்டரையும் மாட்டி டிஜிட்டல்டெஸ்க் என்று ஒன்றைக் கட்டினார். காகிதத்தில் அச்சாகியிருக்கும் எண்ணை விரலால் சுட்டிக்காட்டினால் போதும், மேஜைமேல் ஒளியாக விழுந்திருக்கும் கால்குலேட்டருக்குள் அந்த எண் போய்விடும். 1993-ல் அதைப் பற்றி விரிவாக எழுதவும் செய்தார். படித்ததும் மனசு விட்டுப்போகும். விட வேண்டியதில்லை.

பல விரல்களால் தொட்டு இயக்கும் தொடுபலகையை டொரன்டோ பல்கலைக்கழகத்தில் பில் பக்ஸ்டனும் அவரோடு இருந்தவர்களும் 1985-லேயே ஆய்வுக்கட்டுரையாகக் கொண்டுவந்துவிட்டார்கள். ஐபோன் வந்தது 2007-ல். இந்தத் துறையில் ஒரு யோசனை ஆய்வுக்கூடத்திலிருந்து மனிதர்களின் கைக்கு வந்துசேர 20 வருஷம் ஆவது சாதாரணம் என்று பக்ஸ்டனே பின்னாளில் எழுதினார். அதனால் "யாராவது செய்திருக்கிறார்களா?" என்று கேட்டால் பதில் எப்போதும் "ஆமாம்"தான் வரும், அந்தக் கேள்வியால் பிரயோஜனம் இல்லை. அவர்கள் எந்த இடத்தில் நின்றார்கள், ஏன் நின்றார்கள், அன்று முடியாதது எது இன்று முடியும் என்று கேளுங்கள். அன்று கேமராவால் நாலு எண்ணை ஒழுங்காகப் படிக்க வைப்பதே பெரிய பாடு. இன்று கையெழுத்தைக்கூடப் படித்துவிடுகிறது, இந்தக் காகிதத்துக்கும் அந்தக் காகிதத்துக்கும் என்ன சம்பந்தம் என்று ஊகிக்கவும் சாட்ஜிபிடி போன்ற மொழி மாதிரிகள் வந்துவிட்டன. அப்படியானால் சிக்கல் இடம் மாறிவிட்டது. "கணினியால் காகிதத்தைப் பார்க்க முடியுமா?" என்பது போய், "மேஜைமேல் 12 காகிதம் கிடக்கும்போது கணினி எதைப் பற்றிப் பேச வேண்டும், எப்போது வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்?" என்பது வந்திருக்கிறது. உங்கள் ஆராய்ச்சி இந்த இரண்டாவது கேள்வியில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. திரை வேண்டாம் என்பதில் இல்லை.

தேடும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் உங்கள் சொற்களை வைத்தே தேடியிருப்பீர்கள், அதனால்தான் ஒன்றும் அகப்படவில்லை. இந்தத் துறையில் ஒரே விஷயத்துக்குப் பத்து வருஷத்துக்கு ஒரு பெயர் வரும். வெல்னரின் 1993 கட்டுரையைப் பிடியுங்கள், கூகுள் ஸ்காலரில் அதை மேற்கோள் காட்டிய கட்டுரைகளின் பட்டியலைத் திறந்து, வருஷ வாரியாக இன்றுவரை நடந்து வாருங்கள். கையால் தொட்டுப் பிடிக்கும் பொருட்கள் வழியே கணினியை இயக்குவது பற்றி 1997-ல் இஷியும் உல்மரும் எழுதிய 'டான்ஜிபிள் பிட்ஸ்' கட்டுரை வழியில் வரும். கட்டுரையோடு வீடியோவும் இருந்தால் முதலில் வீடியோவைப் பாருங்கள், எழுத்தில் பிரமாதமாகத் தெரியும் பல இடைமுகங்கள் ஓடவிட்டுக் காட்டும்போது எங்கே தடுமாறுகின்றன என்று தெரிந்துவிடும்.

அடுத்து, அந்த மேஜையை உண்மையாகவே கட்டி ஓடவிடுங்கள். படம் வரைந்து, ஸ்லைடு போட்டு, அழகான கற்பனை வீடியோ எடுத்து நிறுத்திவிடாதீர்கள். தொலைநோக்கு என்று இன்று நாம் கொண்டாடும் வேலைகளில் பெரும்பாலானவை ஓடிக்கொண்டிருந்த பொருட்கள். டக்ளஸ் எங்கெல்பார்ட் 1962-ல் மனித அறிவைக் கணினியால் எப்படிப் பெருக்கலாம் என்று நீண்ட அறிக்கை எழுதினார், அப்புறம் ஆறு வருஷம் கட்டி, 1968 டிசம்பர் 9 அன்று சான்பிரான்சிஸ்கோவில் 90 நிமிஷம் மேடையில் ஓட்டிக் காட்டினார். மவுஸ், சொடுக்கினால் வேறு இடத்துக்குக் கொண்டுபோகும் இணைப்புச் சொற்கள், இரண்டு பேர் தூரத்திலிருந்து ஒரே ஆவணத்தில் வேலை செய்வது எல்லாம் அதில் இருந்தன. அதைவிட முக்கியம், அவருடைய குழு தங்கள் அன்றாட வேலையையே அந்தக் கருவியில்தான் செய்தது. மார்க் வைசர் 1991-ல் எங்கும் பரவிய கணினி பற்றி எழுதியபோதும், உள்ளங்கை அளவிலும் நோட்டுப் புத்தக அளவிலும் சுவர் அளவிலும் அவருடைய ஆய்வுக்கூடத்தில் சாதனங்களைச் செய்து புழங்கிக்கொண்டிருந்தார்கள். நீங்களும் உங்கள் மேஜையில் அதை மாட்டி, உங்கள் சொந்த பிஎச்டி வேலையை அதில் சில மாதம் செய்யுங்கள். எது எரிச்சல் மூட்டுகிறதோ, எது இல்லாமல் கை தவிக்கிறதோ, அங்கேதான் கட்டுரை பிறக்கும்.

நிரல் எழுத வராதே என்று பயப்படாதீர்கள். முழுதாக ஓட வேண்டும் என்ற அவசியம் தொடக்கத்தில் இல்லை, கணினி செய்ய வேண்டியதை மறைவில் இருந்து ஒரு ஆள் செய்யலாம். ஐபிஎம்மில் ஜான் கூல்டும் அவர் குழுவும் 1983-ல் வெளியிட்ட ஆய்வில், பேசினால் தட்டச்சு செய்யும் இயந்திரம் என்று காட்டினார்கள், உண்மையில் வேறு அறையில் ஒரு தட்டச்சர் உட்கார்ந்து கேட்டு அடித்துக்கொண்டிருந்தார். 1000 சொல் மட்டும் தெரிந்த இயந்திரம் மக்களுக்குப் போதுமா, 5000 வேண்டுமா, அளவே இல்லாமல் வேண்டுமா என்பதை அந்த இயந்திரத்தைக் கண்டுபிடிக்காமலே ஆராய்ந்தார்கள். உங்கள் மேஜைக்கும் இது அப்படியே பொருந்தும்: நண்பர் ஒருவர் பக்கத்து அறையில் கேமராவைப் பார்த்துக்கொண்டு, எதைக் காட்டலாம் எப்போது காட்டலாம் என்று கையால் முடிவு செய்யட்டும். கட்டுரையில் இதை ஒளிக்காமல் எழுதிவிட வேண்டும், அவ்வளவுதான். வெளியாட்களை மேஜையில் உட்கார வைக்குமுன் நிறுவனத்தின் நெறிமுறைக் குழுவிடம் ஒப்புதல் வாங்கிவிடுங்கள், உங்கள் கேமரா அவர்களுடைய கடிதத்தையும் மருத்துவ ரிப்போர்ட்டையும் படிக்கப்போகிறது.

இப்போது கைடு கேட்ட 30 பேர். இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், எல்லாரும் வழுக்குவது இங்கேதான்.

பொதுவாக, புதிய வகை இடைமுகத்தைத் தொடக்கத்திலேயே பழைய ஆப்போடு வேகப் போட்டிக்கு விட்டால் அது தோற்கும். பழையது மெருகேறியது, ஜனங்களுக்குக் கை பழகியது. சால் கிரீன்பெர்க்கும் பில் பக்ஸ்டனும் 2008-ல் இந்தத் துறையின் முக்கிய மாநாடான சிஹெச்ஐ-யிலேயே இதை எழுதி, நேரம் தெரியாமல் செய்யும் பயன்பாட்டுச் சோதனை நல்ல யோசனையைக் கொன்றுவிடும் என்று எச்சரித்தார்கள். திரைமேலேயே ஒளிப்பேனாவால் வரையும் நிரலான ஸ்கெட்ச்பேட், ஐவன் சதர்லாந்தின் பிஎச்டி ஆய்வேடாக 1963-ல் வந்தது. இன்றைய வரைகலை மென்பொருள்களுக்கெல்லாம் மூத்தது அது, அந்த ஆய்வேட்டில் 30 பேர் ஒப்பீடு எதுவும் கிடையாது. ஆகவே உங்களுக்கும் தொடக்கத்தில் அது வேண்டாம்.

ஆனால் ஒரு விலக்கு இருக்கிறது. கட்டுரையில் எங்கேயாவது "வேகமானது", "எளிதானது", "தவறு குறைகிறது", "கவனம் சிதறுவதில்லை" என்று ஒரு வார்த்தை எழுதினீர்களானால், அந்த நிமிஷமே ஒப்பீட்டுச் சோதனை கட்டாயமாகிவிடுகிறது. ஏனென்றால் அது அளந்து சொல்ல வேண்டிய கூற்று. "இப்படி ஒரு மேஜை சாத்தியம், அதைக் கட்ட இன்னின்ன பிரச்சினையை இப்படித் தீர்த்தேன்" என்றால் அளக்க வேண்டியதில்லை, ஓடிக் காட்டினால் போதும். "இந்த மேஜையோடு ஆறு பேர் மூன்று மாதம் வாழ்ந்தபோது காகிதத்தை அடுக்கும் பழக்கமே மாறியது" என்றால் அதற்கு 30 பேர் தேவையில்லை, ஆறு பேரை ஆழமாகப் பார்த்தால் போதும், ஆனால் நேர்காணலும் நாட்குறிப்பும் ஒழுங்காக இருக்க வேண்டும். "இது ஆப்பைவிட எளிது" என்றால் மட்டும் உங்கள் கைடு சொல்வது சரி, 30 பேரும் வேண்டும், நியாயமான ஒப்பீடும் வேண்டும், பழைய ஆப்பை வேண்டுமென்றே மட்டமாக வைத்து ஒப்பிடவும் கூடாது. பல மாணவர்கள் முதல் வகைக் கட்டுரையை எழுதிவிட்டு, முடிவுரையில் பழக்கதோஷத்தில் "எளிதானது" என்று ஒரு வார்த்தை சேர்த்துவிடுகிறார்கள், ரிவ்யூ செய்பவர் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு முழுக் கட்டுரையையும் தள்ளிவிடுகிறார். முதலில் நீங்கள் என்ன கூறப்போகிறீர்கள் என்பதை முடிவு செய்யுங்கள், சோதனை அதிலிருந்து தானாக வரும்.

இதைப் புரிந்துகொள்ள மறுக்கும் கைடுகளும் ரிவ்யூவர்களும் இன்னும் நிறைய இருக்கிறார்கள், எனக்கு இதில் பொறுமை போய்விட்டது. எண் இருந்தால் ஆராய்ச்சி, இல்லையென்றால் கதை என்று நினைக்கிறார்கள். வருஷத்துக்கு இத்தனை கட்டுரை என்று கணக்குக் கேட்கும் நிர்வாகம் இருக்கும்வரை, ஆறு வருஷம் கட்டிய எங்கெல்பார்ட் இன்று வந்தாலும் முதல் வருஷ மதிப்பீட்டிலேயே வெளியே போயிருப்பார். அந்தக் கணக்குத்தான் கன்சல்டன்சிக்காரர்களுக்கும் கதவு திறந்துவிடுகிறது.

அவர்களை அடையாளம் காண்பது எளிது. ரிவ்யூவுக்கு முன்பே பணம் கேட்பார்கள். எந்தத் தேதியில் ஏற்கப்படும் என்று உத்தரவாதம் கொடுப்பார்கள். அவர்களுடைய ஜர்னல் பொறியியல், மருத்துவம், மேலாண்மை, இலக்கியம் எல்லாவற்றையும் ஒரே இதழில் போடும், பெயர் ஏதோ ஒரு பெரிய மாநாட்டின் பெயர் மாதிரியே ஒரு சொல் மட்டும் மாறியிருக்கும். 2005-ல் எம்ஐடி மாணவர்கள் சைஜென் என்ற நிரலை எழுதி, அர்த்தமே இல்லாத கட்டுரையைக் கணினியால் உருவாக்கி ஒரு மாநாட்டுக்கு அனுப்பினார்கள், ஏற்றுக்கொண்டார்கள். உங்கள் வேலை அப்படிப்பட்ட குப்பைக்குப் பக்கத்தில் அச்சாவதால் பின்னாளில் நல்ல ஆய்வுக்கூடம் எதுவும் மதிக்காது. இன்னொரு நஷ்டமும் உண்டு: ஒருமுறை வெளியான அதே வேலையை அப்புறம் நல்ல இடத்துக்கு அனுப்ப முடியாது. யோசனையே செலவாகிப்போகும். இப்போது புதிதாக, ஆட்களே இல்லாமல் மொழி மாதிரியை வைத்து "30 பேர் பதில்" தயாரித்துத் தருகிறோம் என்றும் வருகிறார்கள். அது மோசடி, தொடவே தொடாதீர்கள்.

சிஹெச்ஐ, யுஐஎஸ்டி, டிஐஎஸ், டிஇஐ ஆகியவைதான் நீங்கள் குறிவைக்க வேண்டிய மாநாடுகள். யுஐஎஸ்டி புதிய கருவிகளுக்கு, டிஇஐ கையால் தொட்டுப் பிடிக்கும் பொருட்களுக்கு, உங்கள் மேஜைக்கு இரண்டும் பொருந்தும். கட்டுரை அனுப்பக் காசு கிடையாது, முடிவு வர மாதக்கணக்காகும், பெரும்பாலானவை நிராகரிக்கப்படும். இவற்றை நடத்தும் ஏசிஎம் என்ற கணினித் துறைச் சங்கம் 2026 முதல் எல்லாவற்றையும் திறந்த அணுகலில், அதாவது யாரும் காசில்லாமல் படிக்கும்படி, வெளியிடுவதால், உங்கள் நிறுவனம் அதில் சேராதிருந்தால் வெளியீட்டுக் கட்டணம் வரலாம், ஆனால் அது கட்டுரை ஏற்கப்பட்ட பிறகுதான். முழுக் கட்டுரைக்கு முன்னால் டெமோவோ போஸ்டரோ அனுப்புங்கள், உங்கள் மேஜையை நாலு பேர் கையால் தொட்டுப் பார்ப்பதைவிட நல்ல ரிவ்யூ கிடையாது.

பேட்டன்ட் விஷயம். மேஜை, கேமரா, ப்ரொஜெக்டர் என்ற பரந்த யோசனைக்கு உங்களுக்கு உரிமை கிடைக்காது, 1991-லேயே வெளியாகிவிட்டது. நீங்கள் கண்டுபிடித்த குறிப்பிட்ட உத்திக்கு வேண்டுமானால் கிடைக்கலாம். பல நாடுகளில் பொதுவில் காட்டிவிட்டால் உரிமை போய்விடும், அமெரிக்கா போன்ற சில நாடுகளில் 1 வருஷ அவகாசம் தருகிறார்கள், எனவே டெமோவுக்கு முன்பே நிறுவனத்தில் அதற்கென்று இருக்கும் அலுவலகத்தில் கேளுங்கள். உரிமை உங்களுடையதா நிறுவனத்தினுடையதா என்பதும் அங்கேதான் தெரியும். வெளி ஏஜென்ட் "பேட்டன்ட்" என்று சொல்லிப் பொருளின் வெளித்தோற்றத்தைப் பதிவு செய்து ஒரு சான்றிதழைக் கையில் கொடுத்துவிடுவார், அது வேலை செய்யும் விதத்துக்கு எந்தப் பாதுகாப்பும் தராது.

கைடிடம் சண்டை போட வேண்டாம். வோப்ராக்கும் கியன்ட்ஸும் 2016-ல் இந்தத் துறையின் பங்களிப்புகளை ஏழு வகையாகப் பிரித்து எழுதிய சிறு கட்டுரை ஒன்று உண்டு, அதில் புதிய பொருளைக் கட்டுவது தனி வகை, மனிதர்களை அளந்து கண்டறிவது தனி வகை, ஒவ்வொன்றையும் எப்படி மதிப்பிட வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். அதை அச்செடுத்துக்கொண்டு போய், "முதல் கட்டுரை பொருளைக் கட்டும் வகை, இரண்டாவதில் நீங்கள் கேட்ட ஒப்பீட்டைச் செய்கிறேன்" என்று சொல்லுங்கள். வாயால் மட்டும் பேசிவிட்டு வந்துவிடாமல், ஒத்துக்கொண்டதை அன்றைக்கே மின்னஞ்சலில் எழுதி அனுப்பிவிடுங்கள், அடுத்த வருஷ மதிப்பீட்டில் அது தேவைப்படும்.