ஃபேன் கொக்கியில் பஞ்சிங் பேக் மாட்டலாமா?

வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: முதல் மாடியில் வாடகை வீடு. மகள் பத்தாம் வகுப்பு, 50 கிலோ எடை. ஆறு மாதமாகக் குத்துச்சண்டை கற்கிறாள். பயிற்சி வாரத்தில் மூன்று நாள்தான் என்பதால், மற்ற நாளில் அடிக்க வீட்டிலேயே ஒரு பேக் வேண்டும் என்கிறாள். பத்துக்குப் பத்து அறை ஒன்று காலியாக இருக்கிறது. மொட்டை மாடியும் இவர்கள் உபயோகத்தில்தான். அறையில் சும்மா இருக்கும் ஃபேன் கொக்கியில் பேக்கை மாட்டலாமா? காலிப் பையை வாங்கி மணல் நிரப்பிக்கொள்ளுங்கள் என்று கடைக்காரர் சொல்வது சரியா? கிளவுஸ் எத்தனை அவுன்ஸ்? எல்லாம் பத்தாயிரத்துக்குள் முடியுமா? கூடவே, 'பொம்பளைப் பிள்ளை கை காய்த்துப் போகும்' என்கிற மாமியாருக்கு என்ன பதில்?

மாமியாருக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் அந்தக் கொக்கி. வேண்டாம்.

தளம் போடும்போது கம்பி கட்டுபவர் ஒரு துண்டுக் கம்பியை வளைத்து, மேலே ஓடும் கம்பியில் கோத்துவிட்டிருப்பார். நன்றாகக் கோத்தாரா, சும்மா செருகிவிட்டுப் போனாரா என்பது கீழே நின்று பார்க்கிற யாருக்கும் தெரியாது. ஃபேன் ஐந்து கிலோ சுமார் இருக்கும், ஒரே இடத்தில் நின்று சுற்றும். 25 கிலோ பேக் அப்படி இல்லை. குத்து வாங்கி எம்பி, மறுபடி விழுந்து, சங்கிலியை வெட்டி இழுக்கும். அந்த ஒரு நொடி இழுப்பு பையின் எடையைப்போல் சில மடங்கு போகும். ஒரு மணி நேரத்தில் அது நூற்றுக்கணக்கான தடவை. என்னிடம் பயின்ற ஒரு பையன் வீட்டில் கொக்கி விழவில்லைதான். ஆனால் அதைச் சுற்றியிருந்த பூச்சு ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பெயர்ந்து பையனின் தோளில் விழுந்தது. ஓனர் அட்வான்ஸில் கழித்துக்கொண்டார்.

ஊஞ்சல் கொக்கி என்றால் கதை வேறு. இரண்டு மூன்று பேர் உட்கார்ந்து ஆடுவதற்கென்றே போட்ட கொக்கி அது. பழைய வீடுகளில் இன்னும் இருக்கிறது. துரு ஏறாமல் இருந்தால் தாராளமாக மாட்டலாம். அதே பழைய வீட்டில் மரவிட்டம் ஓடும் மெட்ராஸ் தளம் என்றால், விட்டத்தில் துளை போடாமல், லாரிக்காரர்கள் சரக்குக் கட்டும் நைலான் பட்டையை விட்டத்தைச் சுற்றிக் கட்டித் தொங்கவிடுவது நல்லது. உங்களுக்கு இரண்டும் இல்லை. வாடகை வீட்டுத் தளத்தில் ஹாமர் டிரில் போட்டு ஆங்கர் போல்ட் இறக்குங்கள் என்று சொல்லவும் எனக்கு மனசு வரவில்லை. கீழ்வீட்டுக்காரர் தலைக்கு மேல் தினமும் அந்தச் சத்தம் வேறு.

அதனால் மொட்டை மாடி. கிரில் கேட் செய்கிற வெல்டிங் பட்டறை எதிலும் சொன்னால் செய்து தருவார்கள்: 'ப' எழுத்தைக் கவிழ்த்த மாதிரி ஒரு சட்டம். இரண்டு அங்குலச் சதுரப் பைப், தகடு மூன்று மில்லிமீட்டர் கனம் இருந்தால் நல்லது. உயரம் எட்டடி, இரு கால்களுக்கும் நடுவே ஆறடி. ஒவ்வொரு காலின் அடியிலும் முன்னும் பின்னுமாக ஓடும் ஐந்தடிப் பாதம். காலுக்கும் பாதத்துக்கும் நடுவே சாய்வாக முட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். 'முட்டெல்லாம் எதுக்குங்க, வெல்டிங்கே தாங்கும்' என்பார். கேட்காதீர்கள். ஆட்டத்தில் முதலில் விரிவது அந்த மூலைதான். மேல் பைப்பில் கொக்கியை ஒட்டவைக்காமல், 12 மில்லிமீட்டர் கம்பியைப் பைப்பைச் சுற்றி வளைத்து, அப்புறம் வெல்டிங் வைக்கச் சொல்லுங்கள். வெல்டிங் விட்டாலும் கம்பி பைப்பில் தொங்கி நிற்கும். பட்டறையில் கிலோ கணக்கில்தான் விலை பேசுவார்கள். பத்தாயிரத்தில் பெரிய செலவு இதுதான்.

அந்தக் கடைக்காரர் சொன்ன மணல் இங்கேதான் வேண்டும். நாலு சிமெண்ட் சாக்கில் மணலைக் கட்டிப் பாதத்தின் நாலு முனையிலும் வையுங்கள், சட்டம் நகராது. பாதத்துக்கு அடியில் பழைய சைக்கிள் டயர்த் துண்டு போட்டால் மாடித் தரையில் பதித்த தட்டோடு உடையாது. கைப்பிடிச் சுவரிலிருந்து ஆறடியாவது தள்ளி, கீழே சுவரோ பீமோ ஓடுகிற கோட்டுக்கு மேல் சட்டத்தை நிறுத்துங்கள். பையை மாட்டும் முன்பு வீட்டில் எடை அதிகம் உள்ளவர் யாரோ அவர் அந்தக் கம்பியைப் பிடித்துத் தொங்கி நாலு ஆட்டம் ஆடிப் பார்க்கட்டும். சத்தமோ சாய்வோ தெரிந்தால் அன்றைக்கே பட்டறைக்குத் திருப்பி அனுப்புங்கள்.

இப்போது பை. நாலடி உயரம், ஓரடி விட்டம் உள்ள காலிப் பை அவளுக்குப் போதும். அதில் விளிம்புவரை மணலைக் கொட்டினால் எடை 140 கிலோவைத் தொடும், யாரும் தூக்கவே முடியாது. பாதி போட்டு மேலே துணி அடைத்தாலும் ஒரு வாரத்தில் மணல் அடியில் இறங்கிக் கருங்கல் மாதிரி உட்கார்ந்துவிடும். பதினேழு வயதில் நான் செய்த வேலை அது. பாலாற்று மணலைச் சலித்து, சாக்குப் பையில் அடைத்து, வேப்பமரக் கிளையில் கட்டினேன். மேலே அடிக்கும்வரை சுகமாக இருந்தது. ஒரு நாள் விலாவுக்கு அடிப்பதாக நினைத்துத் தாழ்த்தி, கையைப் பக்கவாட்டில் வளைத்து வீசும் ஹூக் குத்து ஒன்று விட்டேன். மணிக்கட்டு மடங்கியது. இரண்டு மாதம் டம்ளரைக்கூட இடக்கையால்தான் பிடித்தேன்.

பைக்குள் போக வேண்டியது துணி. டெய்லர் கடையில் வெட்டுத்துணி மூட்டையாகக் கிடைக்கும், கேட்டால் பெரும்பாலும் சும்மாவே தருவார்கள். வீட்டுப் பழைய புடவை, பனியன், பெட்ஷீட் எல்லாம் சேரும். பட்டன், ஜிப், கொக்கி அத்தனையும் முதலில் வெட்டி எடுத்துவிட வேண்டும். துணியைக் கையகலத் துண்டுகளாக்கி, அரையடி போட்டு உலக்கையால் இடித்து, மறுபடி அரையடி போட்டு இடித்து நிரப்புங்கள். ஓரத்தைவிட நடுவில் கொஞ்சம் அதிகம் இடியுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதற்கே போகும். முடிந்ததும் எடை 25 கிலோ பக்கம் வரும். அடிப்பவர் எடையில் பாதி என்பது பழைய கணக்கு, அவளுக்குச் சரியாகப் பொருந்துகிறது. மாதம் ஒரு முறை பையை இறக்கி, தலைகீழாகப் புரட்டி, நாலு இடி இடித்து, மேலே குறைந்ததை நிரப்பினால் பை மெத்தென்றே இருக்கும்.

ராணிப்பேட்டையிலோ ஆம்பூரிலோ சொந்தக்காரர் இருந்தால் ஷூ கம்பெனித் தோல் துண்டை அடைக்கலாமே என்று யோசனை சொல்வார். விறைத்த தோல் துண்டு முனை முனையாக முட்டும். தோலைச் சீவி வரும் தூளை மட்டும் எந்தக் காரணத்துக்கும் வீட்டுக்குள் கொண்டு வராதீர்கள், அது குரோமியம் போட்டுப் பதனிட்ட தோலின் தூள். கேட்பதானால் செருப்பு அடிப்பாகத்துக்கு வெட்டிய ஃபோம் ஷீட் மிச்சம் கேளுங்கள். பையின் உள்சுவரைச் சுற்றி அதை வைத்துவிட்டுத் துணி இடித்தால் கைக்கு அருமையாக இருக்கும்.

தொங்கும் உயரத்துக்கு ஓர் அடையாளம்: பையின் அடி அவள் இடுப்புக்கு நேராக இருக்கட்டும். சங்கிலி குட்டையாக இருந்தால் ஆட்டம் குறையும். சங்கிலிக்கும் கொக்கிக்கும் நடுவே ஒரு சுழல் கொக்கி போடுங்கள், இல்லையென்றால் சங்கிலி முறுக்கிக்கொள்ளும். சங்கிலி மேல் பழைய சைக்கிள் டியூபை இழுத்துவிட்டால் சத்தம் பாதியாகும்.

கை விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். கிளவுஸ் ஒரே ஜோடி வாங்குவதென்றால் 12 அவுன்ஸ். கைக்கு 340 கிராம் வரும். போட்டியில் 10 அவுன்ஸ் போடுவாள், அது வேறு. தினமும் பையில் அடிக்கும் கைக்குக் கூடுதல் பஞ்சு வேண்டும். ஜோடி சண்டை பழகுவதற்கு எந்த எடை என்பதை அவள் கோச்சிடமே கேளுங்கள். மீரட், ஜலந்தர் தயாரிப்புகளே போதும். ரெக்ஸின் கிளவுஸ் நம் வெயிலில் சீக்கிரம் உரியும், தோல் நிற்கும். வேலூர்க்காரர்களுக்குத் தோலைத் தொட்டுப் பார்த்து வாங்க நான் சொல்லித்தர வேண்டியதில்லை. வேலை முடிந்ததும் உள்ளே செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, நிழலில், காற்றில் வையுங்கள். வெயிலில் காயவைத்தால் தோல் வெடிக்கும், பைக்குள் மூடி வைத்தால் நாற்றம் வீட்டையே தூக்கும்.

கிளவுஸை விட முக்கியம் கைக்கட்டு, கிளவுஸுக்குள் கையைச் சுற்றிக் கட்டும் துணிப்பட்டை. 180 அங்குலம், அதாவது நாலரை மீட்டர் நீளம், இரண்டு ஜோடி. கட்டைவிரலில் கண்ணியை மாட்டி, புறங்கை வழியாக மணிக்கட்டுக்கு வந்து மூன்று சுற்று. அங்கிருந்து விரல் முட்டிகளுக்கு ஏறி மூன்று சுற்று. பிறகு சுண்டுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவே ஒரு முறை நுழைத்து மணிக்கட்டுக்கு வந்து திரும்பி, அடுத்த இடைவெளி, அதற்கடுத்த இடைவெளி. கட்டைவிரலைச் சுற்றி ஒன்று, மீதமெல்லாம் மணிக்கட்டுக்கு. சுற்றும்போது விரல்கள் விரிந்தே இருக்க வேண்டும். கட்டி முடித்து முஷ்டி பிடித்தால் இறுக்கம் தெரிய வேண்டும், விரித்தால் தளர வேண்டும். விரல் நுனி வெளுத்தால் அவிழ்த்து மறுபடி கட்டச் சொல்லுங்கள். குத்து விழ வேண்டியது ஆள்காட்டி விரல், நடுவிரல் முட்டிகளில். புதியவர்கள் சுண்டுவிரல் பக்கமாக அடித்து அங்கேதான் எலும்பை உடைத்துக்கொள்கிறார்கள். பையில் அவள் அடித்து முடித்ததும் கட்டை அவிழ்த்து எந்த முட்டி சிவந்திருக்கிறது என்று பாருங்கள். கோச் பக்கத்தில் இல்லாத நாளில் அதுதான் உங்களுக்குச் சாட்சி.

அந்தப் பத்துக்குப் பத்து அறை வீணாகாது. பழைய பீரோக் கண்ணாடி ஒன்றைச் சுவரில் பதித்து, எதிரே நின்று நிழலோடு சண்டை போடட்டும். இரண்டு ஜன்னலுக்கும் நடுவே அவள் தோள் உயரத்தில் ஒரு கொடிக்கயிறு கட்டி, அதன் அடியில் குனிந்து குனிந்து இடமும் வலமுமாக நகர்வது காசே இல்லாத நல்ல பயிற்சி. ஸ்கிப்பிங் கயிறின் நடுவை மிதித்துத் தூக்கினால் கைப்பிடி அக்குளுக்கு வர வேண்டும். வெறும் சிமெண்ட் தரையில் குதித்தால் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வலிக்கும். விலை அதிகமான ஜிம் மேட் வேண்டாம். மாட்டுத் தொழுவத்தில் விரிக்கிற ரப்பர் பாய் ஒன்று வாங்கிப் போடுங்கள், பசுவையே தாங்குகிற பாய். அதன் மேல் குதித்தால் கீழ்வீட்டுக்கும் தொந்தரவு குறையும். இருந்தாலும் விடிகாலையில் தொடங்குவதற்கு முன் கீழே ஒரு வார்த்தை சொல்லிவிடுவது மரியாதை.

நேரம்: இரண்டு நிமிடம் ஒரு ரவுண்டு, ஒரு நிமிடம் ஓய்வு. போனில் இதற்கென்று இலவச டைமர் இருக்கிறது. கயிறு மூன்று ரவுண்டு, கண்ணாடி முன் மூன்று, பையில் நாலு போதும். பையில் ஐந்தாவது ரவுண்டுக்குக் கை தாழும், தாழ்ந்த கையோடு அடித்துப் பழகினால் அதுவே பழக்கமாகிவிடும். தம்பியோ தோழியோ எதிரே நின்று கிளவுஸ் போட்டு விளையாடுவது மட்டும் வீட்டில் கூடாது, அது கோச் கண் முன்னால் நடக்க வேண்டியது.

ஏப்ரல், மே மாதங்களில் வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். காலை ஐந்தரைக்குத் தொடங்கி ஏழுக்குள் இறங்கிவிட வேண்டும். மாலையில் என்றால் தளம் கக்குகிற சூடு அடங்க எட்டு மணி ஆகும். உப்புப் போட்ட மோர் ஒரு சொம்பு பக்கத்தில் இருக்கட்டும். எடை குறைக்க பிளாஸ்டிக் ஜாக்கெட் போட்டு வியர்க்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது, நம் ஊர் வெயிலில் அது மயக்கத்தில்தான் முடியும், யார் சொன்னாலும் அனுமதிக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன் பையை இறக்கி அறைக்குள் சேர்த்துவிடுங்கள். ஒரு முறை நனைந்தால் உள்ளே இருக்கும் துணி காயவே காயாது.

சரி, மாமியாருக்கு வருவோம். கைக்கட்டு ஒழுங்காக இருந்தால் முட்டியில் தோல் தடிக்காது. முதல் மாதம் கொஞ்சம் உரியும், தேங்காய் எண்ணெய் தடவினால் போதும். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை வெட்டுத்துணி இடிக்க ஆள் வேண்டுமல்லவா? உலக்கை பிடித்துப் பழகிய கை அந்த வீட்டில் அவருடையதாகத்தான் இருக்கும். அவரையே கூப்பிடுங்கள், எவ்வளவு இறுக்கம் வேண்டும் என்று பேத்தி பக்கத்தில் நின்று குத்திப் பார்த்துச் சொல்லட்டும்.