வாசகர் கேள்விகள்: கட்டற்ற மென்பொருளுக்குக் காசு எங்கிருந்து வரும்?

கேள்வி: நான்கு ஆண்டுகளாக ஒரு கட்டற்ற மென்பொருளை (யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் திருத்தவும் கூடியது) பராமரிக்கிறேன். பல நிறுவனங்கள் பயன்படுத்துகின்றன. நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில், நன்கொடைக்கான ஸ்பான்சர் பொத்தான் வைத்தும் டீச்செலவுக்குத்தான் வருகிறது. என்ன தவறு?
– மதுரை வாசகர்

பதில்: தவறு உங்களுடையது அல்ல. பொத்தானை அழுத்துபவர்கள் பெரும்பாலும் தனிநபர்கள். உங்கள் நிரலால் சம்பாதிப்பவை நிறுவனங்கள். அங்கே வேலைசெய்யும் நிரலாளருக்கு உங்கள்மேல் மதிப்பு இருக்கும். ஆனால் கணக்குப் பிரிவு இன்வாய்ஸ் இல்லாமல் ஒரு ரூபாயும் விடாது. இணையத்தின் பெரும்பகுதி நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க மென்பொருளுக்கே, 2014-இல் அதிலிருந்த ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிப்படும்வரை, ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர்தான் நன்கொடை வந்தது. முழுநேரம் உழைத்தவர் ஒருவரே.

எனவே கணக்குப் பிரிவு வாங்கக்கூடிய ஒன்றை முன்வையுங்கள். பழைய பதிப்புக்கு மேலும் 2 ஆண்டு பாதுகாப்புத் திருத்தம் தரலாம். இத்தனை வேலைநாளுக்குள் பதில் என்று ஆதரவு ஒப்பந்தம் போடலாம். ஆண்டுக் கட்டணமாகக் கேளுங்கள், மாதாமாதம் துரத்த வேண்டாம். இன்வாய்ஸ் வேலையே வேண்டாம் என்றால் ஓப்பன் சோர்ஸ் கலெக்டிவ் போன்ற அமைப்பில் திட்டத்தைச் சேர்க்கலாம். அவர்கள் பணத்தை வாங்கி, கணக்கு வைத்து, 10 சதவீதம் எடுத்துக்கொள்வார்கள். அந்தப் பத்து சதவீதம் மிச்சப்படுத்தும் நேரத்தைப் பார்த்தால் அது நியாயமான விலைதான்.

கேள்வி: பங்குத் தரகு நிறுவனமான ஜெரோதா, கட்டற்ற மென்பொருளுக்குத் தரும் ஃப்ளாஸ் ஃபண்டுக்கு விண்ணப்பிப்பது எப்படி?
– சென்னை வாசகர்

பதில்: 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட நிதி இது. ஆண்டுக்கு மொத்தம் 10 லட்சம் டாலர். ஒரு திட்டத்துக்கு 10,000 முதல் 1,00,000 டாலர் வரை. ஏற்கெனவே பலர் பயன்படுத்தும் மென்பொருளுக்கானது, புது யோசனைக்கு அல்ல.

முதலில் ஃபண்டிங்.ஜேசான் (funding.json) என்ற கோப்பை எழுதி உங்கள் தளத்திலோ ரெப்போவிலோ (நிரல் களஞ்சியம்) வையுங்கள். நீங்கள் யார், திட்டங்கள் எவை, பணம் பெறும் வழி, எவ்வளவு தேவை ஆகியவை அதில் இருக்க வேண்டும். முந்தைய ஆண்டுகளின் வரவுசெலவையும் சேர்க்கலாம். பிறகு அந்தக் கோப்பின் முகவரியை ஃப்ளாஸ் ஃபண்ட் பட்டியலில் சமர்ப்பியுங்கள்.

பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. கோப்பு உங்கள் தளத்திலும் ரெப்போ கிட்ஹப்பிலும் இருந்தால், இரண்டும் உங்களுடையவை என்று நிரூபிக்க வேண்டும். அதற்கு ரெப்போவுக்குள் ‘.வெல்-நோன்’ (.well-known) அடைவில் ஒரு சிறு கோப்பு வைத்து, ஃபண்டிங்.ஜேசானின் முழு முகவரியை அதில் எழுதுங்கள். முகவரி ஓர் எழுத்து மாறினாலும் சரிபார்ப்பு தோற்கும்.

தேவையை எழுதும்போது ‘மேம்பாட்டுக்கு’ என்று பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள். ஒருவர் வாரம் 2 நாள், 12 மாதம், பிழை திருத்தமும் பதிப்பு வெளியீடும் என்று எழுதினால் படிப்பவருக்குத் தொகையின் நியாயம் புரியும்.

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் 40 நிரலாளர்கள். கொடுக்க நினைக்கிறோம், யாருக்கு, எவ்வளவு?
– கோவை வாசகர்

பதில்: நல்ல மனசு. கட்டற்ற மென்பொருளுக்குப் பணம் கொடுப்பதாக நிறுவனங்கள் உறுதியளிக்கும் ஓப்பன் சோர்ஸ் பிளெட்ஜ் என்ற முயற்சி சொல்லும் அளவு, ஒரு நிரலாளருக்கு ஆண்டுக்கு 2,000 டாலர். உங்களுக்கு 80,000 டாலர் ஆகும். முடியாவிட்டால் குறைவாகத் தொடங்குங்கள், ஆனால் ஆண்டுதோறும் கொடுங்கள். ஒருமுறை வரும் பெருந்தொகையை நம்பி யாரும் வேலையை விடமாட்டார்கள்.

யாருக்கு என்பதில்தான் கவனம் தேவை. ஜாவாஸ்கிரிப்ட் திட்டமென்றால் ‘என்பிஎம் ஃபண்ட்’ (npm fund) கட்டளையே, உங்கள் நிரல் சார்ந்திருக்கும் மென்பொருள்களில் நிதி கேட்பவற்றைக் காட்டும். புகழ்பெற்றவற்றைத் தாண்டி, அடியில் ஒற்றை ஆள் பராமரிப்பவற்றைத் தேடுங்கள். கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் நிரலில் 2024-இல் பின்கதவு (திருட்டுத்தனமாக உள்ளே நுழையும் வழி) வைக்கப்பட்டதும் அப்படி ஒற்றை ஆள் பராமரித்ததால்தான். களைத்துப்போயிருந்த ஒரே பராமரிப்பாளருக்கு உதவுவதாக வந்தவர் ஈராண்டுக்கு மேல் நம்பிக்கை சம்பாதித்து, பொறுப்பைப் பெற்று, 5.6.0, 5.6.1 பதிப்புகளில் நச்சை வைத்தார்.

புது வசதி கேட்டு மட்டும் பணம் கொடுக்காதீர்கள். அந்த வசதியைப் பின்னாளில் பராமரிக்கும் சுமையும் அதே ஆளின் தலையில்தான் விழும்.

கேள்வி: வெளிநாட்டு நிதியை எங்கள் அறக்கட்டளையின் பெயரில் வாங்கலாமா?
– திருச்சி வாசகர்

பதில்: நன்கொடையென்றால், எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன்அனுமதியோ இல்லாமல் கூடாது. பதிவு கிடைத்தாலும் பணம் முதலில் புதுதில்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் திறக்கும் தனிக் கணக்கில்தான் வர வேண்டும். அதற்கு முன் வெளிநாட்டிலிருந்து யாரேனும் அனுப்ப முன்வந்தால், காத்திருக்கச் சொல்லுங்கள்.