ஜெர்மனியில் ஒரு மாதம்: எந்த ஊரில் தங்கலாம், வார இறுதியில் எங்கே போகலாம்?

கேள்வி: வரும் ஜூன் மாதம் ஜெர்மனியில் ஒரு மாத மொழி வகுப்பில் சேரப் போகிறேன். திங்கள் முதல் வெள்ளி வரை, மதியம் ஒரு மணிக்கு வகுப்பு முடிந்துவிடும். கணவரும் கூட வருகிறார். பெர்லின், மியூனிக், நியூரம்பெர்க் மூன்று ஊர்களிலும் இதே வகுப்பு இருக்கிறது. வார இறுதிகளில் ஊர் சுற்ற ஆசை. நோய்ஷ்வான்ஸ்டைன் கோட்டையை எப்படியும் பார்த்துவிட வேண்டும். இருவரும் சைவம். எந்த ஊரைத் தேர்ந்தெடுப்பது, பயணங்களை எப்படித் திட்டமிடுவது? (ஒரு வாசகி, கோவை)

பதில்: நியூரம்பெர்க்கைத் தேர்ந்தெடுங்கள். மூன்றில் பேர் குறைந்த ஊர் அதுதான், ஆனால் ஒரு மாதம் தங்குகிறவர்களுக்கு ஊரின் பேரைவிட அதன் ரயில் நிலையம் முக்கியம். பெர்லின் அருமையான நகரம், ஆனால் அதைச் சுற்றி ஒரு மணி நேரத்தில் போய்வரக்கூடிய பழைய ஊர்கள் குறைவு. மியூனிக்கைச் சுற்றி மலையும் ஏரியும் நிறைய உண்டு, வாடகைதான் ஜெர்மனியிலேயே மிக அதிகம். நியூரம்பெர்க்கிலிருந்து பாம்பெர்க், ரேகன்ஸ்பூர்க், வூர்ட்ஸ்பூர்க் என்று யுனெஸ்கோ பட்டியலில் உள்ள மூன்று ஊர்கள், சாதாரண ரயிலிலேயே ஒன்றேகால் மணி நேரத்துக்குள், ஆளுக்கொரு திசையில் இருக்கின்றன. பெர்லினுக்கு அதிவேக ரயிலில் ஏறக்குறைய மூன்று மணி நேரம், மியூனிக்குக்கு ஒரு மணிக்குச் சற்று மேல். பிடித்த இரண்டு பெருநகரங்களையும் நீங்கள் இழக்க வேண்டியதில்லை.

அடுத்து, டிக்கெட். உங்கள் பயணத் தேதிகளையே இதை வைத்துத்தான் முடிவு செய்யச் சொல்வேன். டாய்ச்லாண்ட் டிக்கெட் என்று ஒரு மாதச் சீட்டு இருக்கிறது. 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கியது, 2025-ல் 58 ஆனது, 2026 ஜனவரி முதல் 63 யூரோ. நாடு முழுக்க உள்ளூர்ப் பேருந்து, டிராம், மெட்ரோ, வட்டார ரயில்கள் எல்லாவற்றிலும் செல்லும். ஐசிஇ, ஐசி போன்ற தொலைதூர ரயில்களில் செல்லாது. இது வாங்கிய நாளிலிருந்து முப்பது நாள் என்று ஓடுவதில்லை, காலண்டர் மாதத்துக்குத்தான். மே 20-க்குப் போய் ஜூன் 20-க்குத் திரும்பினால் ஆளுக்கு இரண்டு சீட்டு வாங்க வேண்டியிருக்கும். அதனால் ஜூன் முதல் தேதியை ஒட்டிப் போய் இறங்கி, மாதக் கடைசியில் கிளம்புங்கள்.

இன்னொரு விஷயம். இது தானாகப் புதுப்பிக்கப்படும் சந்தா. மாத இறுதியோடு நிறுத்த வேண்டுமென்றால் அந்த மாதம் 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்துவிட வேண்டும். ஊருக்குத் திரும்பிய பிறகு ஜூலைக்கும் பணம் பிடித்துவிட்டார்கள் என்று புலம்புகிறவர்கள் எல்லோரும் இந்தத் தேதியைத் தவறவிட்டவர்கள்தான். விற்பவர்களில் பலர் ஐரோப்பிய வங்கிக் கணக்கு கேட்பார்கள். கடன் அட்டையை ஏற்கும் செயலிகளும் உண்டு, அப்படி ஒன்றைக் கிளம்பும் முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். சீட்டு பெயருக்கு உரியது, நீங்களும் கணவரும் ஒன்றையே பகிர்ந்துகொள்ள முடியாது.

சரி, எங்கே தங்குவது? சாமான்களோடு கூடிய ஒற்றை அறை வீடோ, சமையலறை உள்ள விடுதி அறையோ போதும். தலைமை ரயில் நிலையத்துக்கு நடந்தோ, நேராக ஒரே மெட்ரோவிலோ போகக்கூடிய இடமாக இருக்கட்டும். நிலையத்துக்குத் தெற்கே உள்ள ஸ்யூட்ஷ்டாட், மேற்கே கோஸ்டன்ஹோஃப் இரண்டும் பல நாட்டவர் வாழும் பகுதிகள், ஆசியக் கடைகளும் பக்கத்தில் இருக்கும். என் தனிப்பட்ட விருப்பம் பக்கத்து ஊரான ஃபூர்த். நியூரம்பெர்க்கின் பழைய நகரம் 1945 ஜனவரி குண்டுவீச்சில் அழிந்து பிறகு கட்டப்பட்டது. ஃபூர்த் பெரும்பாலும் தப்பியது, அதனால் 19-ஆம் நூற்றாண்டு வீடுகள் தெருத்தெருவாக அப்படியே நிற்கின்றன. யு1 மெட்ரோ இரண்டு ஊர்களையும் இணைக்கிறது. ஜெர்மனியின் முதல் நீராவி ரயில் 1835 டிசம்பரில் ஓடியதும் இந்த இரண்டு ஊர்களுக்கு நடுவேதான்.

வீட்டைப் பார்க்காமல், ஒப்பந்தம் இல்லாமல், வெளிநாட்டுக் கணக்குக்கு முன்பணம் அனுப்பச் சொன்னால் அங்கேயே விட்டுவிடுங்கள். அந்த மோசடி அங்கே சகஜம். ஜூன் தொடக்கத்தில் நியூரம்பெர்க்கில் பெரிய ராக் இசை விழா நடக்கும், அந்த வாரத்தில் அறை வாடகை ஏறிவிடும். முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள், ஆனால் ரத்து செய்யக்கூடியதாக இருக்கட்டும், ஏனென்றால் விசா விண்ணப்பத்துக்குத் தங்குமிடச் சான்று வேண்டும்.

வார இறுதி என்றதும் சனிக்கிழமை கிளம்பி ஞாயிறு ஓய்வு எடுக்கலாம் என்றுதான் நமக்குத் தோன்றும். ஜெர்மனியில் அதைத் திருப்பிப் போடுங்கள். ஞாயிறன்று கடைகள் மூடியிருக்கும். காய்கறிக் கடை, சூப்பர் மார்க்கெட், துணிக்கடை எதுவும் இருக்காது. பெரிய ரயில் நிலையத்துக்குள் இருக்கும் கடைகளும் உணவகங்களும்தான் கைகொடுக்கும். பவேரியாவில் மற்ற நாட்களிலும் இரவு எட்டு மணிக்குப் பெரும்பாலான கடைகள் அடைத்துவிடுவார்கள். ஆகவே சனிக்கிழமை காலை சந்தை, துணி துவைப்பது, ஒரு வாரத்துக்கான சமையல் சாமான். ஞாயிறு முழுக்கப் பயணம். அன்று ஊரில் இருந்தாலும் செய்வதற்கு வேலை இல்லை, வெளியூரில் அருங்காட்சியகமும் தேவாலயமும் காப்பிக்கடையும் திறந்திருக்கும். திங்களன்று பல அருங்காட்சியகங்களுக்கு விடுமுறை, அதையும் நினைவில் வையுங்கள். ஜூனில் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும் என்பதால் ஒரு நாள் பயணத்திலேயே நிறையப் பார்த்துவிடலாம்.

முதல் வார இறுதியில் வெளியூர் வேண்டாம். நேர வித்தியாசம் உடம்பில் இருக்கும், வகுப்பும் புதிது. கோட்டை, ஓவியர் ஆல்பிரெக்ட் டூரர் 1509 முதல் இறக்கும்வரை வாழ்ந்த வீடு, நாஜிக் கட்சி மாநாட்டுத் திடலில் உள்ள ஆவண மையம், 1945 நவம்பரில் போர்க்குற்ற விசாரணை தொடங்கிய 600-ஆம் எண் நீதிமன்ற அறை என்று நியூரம்பெர்க்கிலேயே நிறைய இருக்கிறது. கடைசி இரண்டையும் ஒரே நாளில் பார்க்காதீர்கள், மனம் தாங்காது. வகுப்பு மதியமே முடிவதால் வார நாட்களில் பிரித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது ஞாயிறு பாம்பெர்க். ஆற்றின் நடுவே பாலத்தின் மேல் நிற்கும் பழைய நகர மன்றத்தைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அதோடு திரும்பிவிடாமல் மேலே ஏறி, புதிய அரண்மனையின் ரோஜாத் தோட்டத்துக்குப் போங்கள். ஜூன்தான் அதற்குச் சரியான மாதம், ஊரின் சிவப்பு ஓட்டுக் கூரைகள் எல்லாம் அங்கிருந்து தெரியும். இந்தப் பயணத்துக்கு மட்டும் அவசரமே வேண்டாம், இருட்டும்வரை இருந்துவிட்டுத் திரும்பலாம்.

மூன்றாவது வார இறுதி கோட்டைக்கு. நோய்ஷ்வான்ஸ்டைனை நியூரம்பெர்க்கிலிருந்து ஒரே நாளில் போய்வர முயலாதீர்கள். வட்டார ரயிலில் ஒரு வழிக்கே நான்கு மணி நேரம் ஆகும். வெள்ளி மதியம் வகுப்பு முடிந்ததும் மியூனிக் போய் இரண்டு இரவு தங்குங்கள். வட்டார விரைவு ரயிலில் ஒன்றேமுக்கால் மணி நேரம், மாதச் சீட்டே போதும். சனிக்கிழமை மியூனிக், ஞாயிறு காலை அங்கிருந்து ஃப்யூஸன் வரை இரண்டு மணி நேர ரயில், பிறகு பேருந்து. உள்ளே நுழைவது குறித்த நேரத்துக்கு, வழிகாட்டியுடன் மட்டும்தான், அதனால் இணையத்தில் முன்கூட்டியே டிக்கெட் எடுத்துவிடுங்கள். அடிவாரத்திலிருந்து மேலே ஏற அரை மணியாவது தேவை, அதையும் கணக்கில் சேருங்கள். உள்ளே சுற்றிக் காட்டுவது அரை மணி நேரம்தான். சிலருக்கு அது ஏமாற்றமாக இருக்கும். கோட்டையின் அழகு வெளியே, மரியன் பாலத்திலிருந்து பார்ப்பதில்தான் இருக்கிறது.

நான்காவது வாரத்துக்கு ரேகன்ஸ்பூர்க்கோ வூர்ட்ஸ்பூர்க்கோ, ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ரேகன்ஸ்பூர்க்கில் டான்யூப் நதி, 12-ஆம் நூற்றாண்டுக் கல் பாலம், ரோமானியர் கட்டிய வாசல். வூர்ட்ஸ்பூர்க்கில் கிறிஸ்தவ ஆயர்களின் (பிஷப்களின்) அரண்மனை. அதன் படிக்கட்டுக் கூடத்தின் மேல் டியப்போலோ வரைந்த கூரை ஓவியம், 1945 மார்ச்சில் நகரமே எரிந்தபோதும் தப்பியது. பால்தசார் நாய்மன் தூணே இல்லாமல் கட்டிய கல் வளைவு அந்தச் சூட்டையும் இடிபாட்டையும் தாங்கி நின்றது. என்னைக் கேட்டால் வூர்ட்ஸ்பூர்க். விட்டுப்போன ஊரைக் கடைசி வார நாள் ஒன்றில் மதியத்துக்கு மேல் போய்ப் பார்த்துவிடலாம். பெர்லின் போக ஆசை விடவில்லை என்றால், ரேகன்ஸ்பூர்க், வூர்ட்ஸ்பூர்க் இரண்டையும் வார நாளுக்கு மாற்றிவிட்டு, நான்காவது வார இறுதியைப் பெர்லினுக்குக் கொடுங்கள். ஐந்தாவதாக இன்னொன்றை எங்கேயாவது திணிக்க வேண்டாம். மொழி படிக்கப் போகிறீர்கள், வீட்டுப்பாடத்துக்கும் நேரம் வேண்டும்.

பெர்லினுக்கு ஐசிஇ டிக்கெட்டைச் சீக்கிரம் வாங்கினால் விலை பாதிக்கும் கீழே கிடைக்கும். மலிவு டிக்கெட் குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டும். ஜெர்மன் ரயில் என்றால் நேரம் தவறாது என்ற நம்பிக்கையை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள்: 2024-ல் தொலைதூர ரயில்களில் 62.5 சதவீதம்தான் நேரத்துக்கு வந்தன. போய்ச்சேர 20 நிமிடத்துக்கு மேல் தாமதமாகும் என்று தெரிந்தால், அந்த ரயிலில்தான் போக வேண்டும் என்ற கட்டுப்பாடு நீங்கிவிடும், வேறு ரயிலில் ஏறலாம். ஒரு மணி நேரம் தாமதமானால் கட்டணத்தில் கால் பங்கு, இரண்டு மணி நேரம் என்றால் பாதி திரும்பக் கிடைக்கும். கேட்டுத்தான் வாங்க வேண்டும். வட்டார ரயில்களில் வேறொரு சிக்கல்: சில ரயில்கள் வழியில் இரண்டாகப் பிரிந்து வேறு வேறு ஊருக்குப் போகும். ஏறும் பெட்டியில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயரைப் பார்த்து ஏறுங்கள்.

சைவச் சாப்பாட்டைப் பற்றிப் பயம் வேண்டாம், கவனம் போதும். கேஸெ ஷ்பெட்ஸ்லே என்ற சீஸ் போட்ட மாவு உணவு எல்லா இடத்திலும் கிடைக்கும், அதில் முட்டை உண்டு. உருளைக்கிழங்கு சாலட்டில் தென் ஜெர்மனியில் இறைச்சிச் சாறு ஊற்றுவது வழக்கம், கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். பருப்பு சூப்பில் பன்றிக்கொழுப்புத் துண்டுகள் இருக்கலாம். நியூரம்பெர்க்குக்கு வடக்கே க்னோப்லௌக்ஸ்லாண்ட் என்ற காய்கறி வயல் பகுதி இருப்பதால் சந்தையில் நல்ல காய்கள் வரும். வெள்ளை அஸ்பாரகஸ் ஜூன் 24 வரை. குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம்.

குக்கர் கொண்டுபோகும் முன் வீட்டுக்காரரிடம் அடுப்பு எந்த வகை என்று கேளுங்கள். இண்டக்ஷன் என்றால் அலுமினிய குக்கர் சூடேறாது. மசாலாப் பொடி, பருப்பு, புளி எடுத்துப் போகலாம். நெய், பால்கோவா போன்ற பால் பொருட்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோக அனுமதி இல்லை. பச்சைக் கறிவேப்பிலைக்கும் தாவர நலச் சான்றிதழ் வேண்டும், அதனால் அதையும் விட்டுவிடுங்கள்.

இத்தனைக்கும் முன்னால் விசா. ஒரு மாதத்துக்கு ஷெங்கன் குறுகிய கால விசாவே போதும், கட்டணம் 90 யூரோ. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கோடைக்கு முன் விண்ணப்பம் கொடுக்க நேரம் கிடைப்பது கடினம். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு, வகுப்பில் சேர்ந்த கடிதம், தங்குமிடச் சான்று வேண்டும். பாஸ்போர்ட் பத்தாண்டுக்குள் வழங்கப்பட்டதாகவும், திரும்பும் தேதிக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்லுபடியாகக்கூடியதாகவும் இருக்க வேண்டும். கணவருடையதையும் இன்றே எடுத்துப் பாருங்கள். புதுப்பிக்க வேண்டியிருந்தால் முதல் வேலை அதுதான், வகுப்புக் கட்டணத்தைப் பிறகு கட்டலாம்.