மேடையில் ப்ரீஆம்ப், மிக்சரில் கை: மைக் செட்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்

வேலூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலைப் பக்கம் மைக் செட் ஓட்டுகிற தம்பிகள் ஸ்டேஜ் பாக்ஸ் பற்றிக் கேட்டவை இவை. மேடையிலேயே மைக் வயர்களைச் சொருகும் பெட்டி அது, மைக் சிக்னலைப் பெருக்கும் ப்ரீஆம்ப் அதற்குள் இருக்கும். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

குடியாத்தம்: அண்ணா, மைக் சிக்னலை எவ்வளவு பெருக்குவது என்று வைக்கும் கெய்ன் குமிழ் இத்தனை நாள் மிக்சரிலேயே இருந்தது. இப்போது எதற்கு மேடைக்குப் போனது?

மைக் கொடுப்பது மில்லிவோல்ட் கணக்குதான் தம்பி. எஸ்எம்58 மைக் முன்னால் 94 டெசிபல் சத்தம் போட்டால் வெளியே வருவது 1.85 மில்லிவோல்ட். அந்தச் சொட்டு சிக்னலை 60, 70 மீட்டர் பழைய ஸ்னேக்கில் (பல மைக் வயர்களைச் சேர்த்த தடித்த கேபிள்), சீரியல் லைட் வயருக்கும் ஜெனரேட்டர் கேபிளுக்கும் பக்கத்தில் இழுத்து வந்து இங்கே பெருக்கினால் வழியில் ஏறிய இரைச்சலும் சேர்ந்துதான் பெருகும். ஸ்டேஜ் பாக்ஸ் மைக்குக்குப் பக்கத்திலேயே பெருக்கி, டிஜிட்டலாக மாற்றி, ஒரே லேன் வயரில் அனுப்பிவிடுகிறது. மிக்சரில் நீ திருப்புவது ப்ரீஆம்ப் இல்லை, வெறும் கட்டளை. மேடைப் பெட்டியில் இருப்பது அசல் அனலாக் சர்க்யூட்தான், கெய்ன் மட்டும் படிப்படியாக மாறும். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் பிஜிஏ2500 என்ற சிப் 10 முதல் 65 டெசிபல் வரை 1 டெசிபல் படியாக ஏறும். பாட்டு நடுவே திருப்பினால் சில பெட்டிகளில் டிக் டிக் என்று கேட்பது இந்தப் படி மாறும் சத்தம்தான்.

ஆற்காடு: கெய்ன், ட்ரிம் இரண்டும் ஒன்றா?

இல்லை. கெய்ன் மேடையில், டிஜிட்டலாவதற்கு முன்னால். ட்ரிம் மிக்சருக்குள், அதற்கு அப்புறம். கெய்ன் அதிகமாகி அங்கேயே கிழிந்த (அளவு மீறிச் சிதைந்த) குரலை ட்ரிம்மில் எவ்வளவு இறக்கினாலும் கிழிந்த குரல் சின்னதாகக் கேட்கும், அவ்வளவுதான். பாடகரை உச்சத்தில் பாடச் சொல்லி மிக்சரின் லெவல் மீட்டர் மைனஸ் 12 டெசிபல் பக்கம் வரும்படி வை, சராசரி மைனஸ் 18 இருந்தால் போதும். சவுண்ட் செக்கில் அடக்கி வாசித்துவிட்டு கூட்டத்தைப் பார்த்ததும் கத்துகிறவர்கள் நம் ஊரில் ஜாஸ்தி, அதற்கும் இடம் விடு.

ஆரணி: மானிட்டருக்கு (மேடையில் இருப்பவர்கள் தங்கள் சத்தத்தைக் கேட்கும் ஸ்பீக்கர்) தனி மிக்சர் வைத்தோம், ஒரே ஸ்டேஜ் பாக்ஸ். மானிட்டர் பையன் கெய்ன் ஏற்றினான், வெளி ஸ்பீக்கர் ஊளையிட்டது. தப்பு யார் மேல்?

பையன் மேல் இல்லை, யாருடைய கெய்ன் என்று பேசிக்கொள்ளாமல் வேலையை ஆரம்பித்த உங்கள் இருவர் மேலும்தான். ப்ரீஆம்ப் ஒன்று, கை இரண்டு. அவன் 6 டெசிபல் ஏற்றினால் உன் பக்கமும் 6 ஏறும், சேனல் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை நீ தொடவே இல்லை என்றாலும். யமஹா சிஎல், க்யூஎல் மிக்சர்களில் ரியோ ஸ்டேஜ் பாக்ஸோடு கெய்ன் காம்பென்சேஷன் இருக்கிறது. அனலாக் கெய்ன் 6 ஏறினால் அதைப் போட்டிருக்கும் மிக்சர் டிஜிட்டலில் 6 இறக்கிக்கொள்ளும், கேட்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் ப்ரீஆம்ப் கிழிந்தால் இரண்டு பக்கமும் கிழிசல்தான், காம்பென்சேஷன் அங்கே காப்பாற்றாது.

அந்த வசதி இல்லாத மிக்சர் என்றால் ஒருவரே கெய்ன் வைக்க வேண்டும், மற்றவர் ட்ரிம்மில் சமாளிக்க வேண்டும். எக்ஸ்32 மிக்சரில் ட்ரிம் கூட்ட 18, குறைக்க 18 டெசிபல் இருக்கிறது, தாராளம். நான் கெய்னை வெளி மிக்சர்காரரிடம் கொடுப்பேன், சவுண்ட் செக் முடிந்ததும் அவரும் தொடக் கூடாது. ஒத்து வராத ஆள் என்றால் பேசாமல் ஒரு மைக் சிக்னலை இரண்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் போட்டு ஆளுக்கொரு ப்ரீஆம்ப் கொடுத்துவிடு. செலவு கூடும், சண்டை குறையும்.

ஆம்பூர்: எக்ஸ்ஆர்18 மிக்சர் பெட்டியை மேடையில் வைத்து டேப்லெட்டில் ஓட்டுகிறேன் அண்ணா. மண்டபம் நிறைந்ததும் கனெக்‌ஷன் போகிறது. சவுண்டும் போய்விடுமா?

போகாது. மிக்சிங் பெட்டிக்குள்ளேயே நடக்கிறது, கடைசியாக வைத்த நிலையில் ஓடிக்கொண்டே இருக்கும். போவது உன் கை மட்டும். பெட்டிக்குள் இருக்கும் வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸ், பிரியாணிப் பந்தி ஆரம்பிப்பதற்குள் ஐந்நூறு போன் அதே இடத்தில் நெரிக்கும். தனியாக 5 கிகாஹெர்ட்ஸ் ரௌட்டர் வாங்கி லேன் வயரில் பெட்டியோடு சேர்த்து, தலைகளுக்கு மேலே ஸ்டாண்டில் ஏற்றிவிடு. லேன் வயரில் ஒரு லேப்டாப்பும் ரெடியாக இருக்கட்டும்.

வாலாஜா: எக்ஸ்32 மிக்சர், எஸ்16 ஸ்டேஜ் பாக்ஸ். கடையில் வாங்கிய லேன் வயர் போட்டேன், நடுவில் படார் என்று கட் ஆகிறது.

அந்த இரண்டையும் இணைக்கும் ஏஇஎஸ்50 லைனுக்கு ஷீல்டு உள்ள கேட்-5இ, இரண்டு முனையிலும் ஷீல்டு சேர்ந்த ஈதர்கான் கனெக்டர், 100 மீட்டருக்குள். ஷீல்டு இல்லாத வயரில் ஸ்டாட்டிக் ஷாக் பட்டால் இப்படித்தான் சிங்க் (இரண்டு பெட்டிக்கும் இடையிலான இசைவு) விடும். நடுவில் லேன் சுவிட்ச் போடாதே, இது நெட்வொர்க் இல்லை.

காட்பாடி: 48 வோல்ட்டை (கண்டென்சர் மைக்குக்குக் கொடுக்கும் ஃபாண்டம் பவர்) மிக்சரில் இருந்தே போட்டால் சாதா மைக் எரியுமா?

வயரிங் சரியாக இருந்தால் எஸ்எம்58 மாதிரி டைனமிக் மைக்குக்கு ஒன்றும் ஆகாது, 2ஆம் 3ஆம் பின்னில் ஒரே வோல்ட்டேஜ்தான் இருக்கும். கீபோர்டை டிஐ பாக்ஸ் (இசைக்கருவியை மைக் லைனில் சேர்க்கும் பெட்டி) இல்லாமல் அடாப்டர் போட்டு நேரே சொருகியிருந்தால்தான் பயப்பட வேண்டும். மேடை உனக்குத் தெரியாத தூரத்தில் இருக்கிறது, எந்தச் சேனலில் என்ன சொருகியிருக்கிறது என்று கேட்டுக்கொண்டு, மியூட் பண்ணிவிட்டு அப்புறம் போடு.

சோளிங்கர்: போன நிகழ்ச்சி சீனை (மிக்சரில் சேமித்து வைத்த செட்டிங்) அப்படியே லோட் பண்ணலாமா?

செய்யாறு பக்கம் ஒரு பாரதக் கூத்தில் நான் பண்ணினேன். 5ஆம் சேனலில் போன வார ரிசப்ஷனில் மெல்லப் பாடிய ஒரு பெண்ணின் மைக், கெய்ன் 50. கூத்தில் அதே சேனலில் முகவீணை. சீன் லோட் ஆனதும் மேடைப் பெட்டியின் கெய்னும் சேர்ந்து 50க்குப் போய்விட்டது, முகவீணைக்காரர் வாய் வைத்து ஊதியதும் பாயில் தூங்கின குழந்தைகள் எல்லாம் எழுந்து அழுதன. கட்டியக்காரன் என்னை வைத்தே ஐந்து நிமிஷம் ஓட்டினார், ஜனங்களுக்கு அது கதையை விடப் பிடித்திருந்தது. அன்றிலிருந்து ப்ரீஆம்பை சீன் சேஃபில் (சீன் லோட் ஆனாலும் மாறாமல் காக்கும் வசதி) போடாமல் எதையும் லோட் பண்ணுவதில்லை.

போளூர்: இனி பழைய அனலாக் ஸ்னேக்கை விற்றுவிடலாமா அண்ணா?

விற்காதே. லேன் வயர் மேல் யாராவது டிராக்டரை ஏற்றினால் 16 சேனலும் ஒன்றாகப் போகும். அனலாக்கில் 4 லைன் இழுத்து வைத்திருந்தால் பாட்டுக்காரருக்கும் அறிவிப்பாளருக்குமாவது மைக் இருக்கும். எலி கடிக்காத இடமாகப் பார்த்து வை.