பி16 பொசிட்டிவ் என்றால் கணவரைச் சந்தேகிக்க வேண்டுமா?

சாவகச்சேரியிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். 48 வயதுக் கணவருக்குச் சவரம் செய்யும்போது தாடைக்குக் கீழே ஒரு கட்டி தட்டுப்பட்டிருக்கிறது, நோவில்லை. டொன்சிலில் சதை எடுத்துப் பார்த்ததில் புற்றுநோய், ‘பி16 பொசிட்டிவ்’ என்று வந்திருக்கிறது. சிகரெட், வெற்றிலை எதுவும் இல்லாத மனுசன். இது உடலுறவால் பரவும் எச்.பி.வி. வைரஸ் என்கிறார்களே, துரோகம் செய்துவிட்டாரா, எனக்கும் தொற்றுமா என்பது கேள்வி.

அந்த ரிப்போர்ட்டை வைத்து அப்படி ஒன்றும் சொல்ல முடியாது. பி16 என்பது ஒரு புரதம், எச்.பி.வி.யால் வரும் புற்றுநோயில் அது கூடிவிடும். சதைத் துண்டில் சாயம் போட்டால் அது பழுப்பாகப் பிடிக்கிறதா என்று பார்ப்பது, அவ்வளவுதான். எச்.பி.வி. பெரும்பாலானோருக்கு ஒருமுறையாவது தொற்றி, ஓரிரு வருடத்தில் தானே போய்விடும். சிலரில் மட்டும் 16ஆம் வகை டொன்சில் மடிப்புகளிலும் தொண்டைப் பக்கமுள்ள நாக்கின் வேர்ப்பகுதியிலும் தங்கி, பல வருடம் கழித்துப் புற்றுநோயாகிறது. கலியாணத்துக்கு முதலே வந்திருக்கலாம், உங்களிடமிருந்தும் போயிருக்கலாம், எந்தப் பரிசோதனையும் அதைச் சொல்லாது. ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடித்தால் புற்றுநோய் தொற்றாது. நீங்கள் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான உங்கள் பாப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள், சுகவனிதையர் கிளினிக்கில் இலவசமாகவே செய்வார்கள்.

இப்போது உங்களைத் தேடி ஆட்கள் வருவார்கள். குடும்பத்துக்கே தொண்டை வைரஸ் டெஸ்ட் என்று பக்கேஜ் விற்பார்கள். நோய்க்குறி இல்லாதவரின் தொண்டையைச் சோதித்து இந்தப் புற்றுநோயை முன்கூட்டியே பிடிக்கும் நம்பகமான பரிசோதனை இன்னும் இல்லை. ஊசி குத்தினால் பரவிவிடும், சென்னையில் எனக்குத் தெரிந்த இடம் இருக்கிறது என்று ஏஜென்ட் வருவார், காணியை ஈடு வைக்கச் சொல்வார். கொடுக்காதீர்கள். சதை எடுத்ததால் பரவுவதில்லை, பிந்தினால்தான் பரவும். தெல்லிப்பளைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டுமென்றால் அவர்களே கடிதம் தருவார்கள். கதிர்வீச்சு தொடங்கினால் கிட்டத்தட்ட ஏழு கிழமை, கோயில் திருவிழா, சாமத்தியவீடு என்று இடையில் நிறுத்தக் கூடாது.

வைரஸால் வருகிற வகை, புகையால் வருவதைவிட சிகிச்சைக்கு நன்றாக மடங்கும். ஆனால் நிறையப் புகைத்தவருக்கு அந்த நன்மை குறையும், இதை நான் திரும்பத் திரும்பச் சொல்லுவேன், ஏனென்றால் மனைவி பக்கத்தில் நிற்கும்போது “தொட்டதே இல்லை” என்பவர், தனியே கேட்டால் பொடியனாக இருந்தபோது பத்து வருடம் சுருட்டு பிடித்தேன் என்பார். டொக்டரிடம் அதை ஒளிக்க வேண்டாம், இப்போதும் பிடிக்கிறார் என்றால் இன்றைக்கே விட வேண்டும்.

எனக்குக் கோபம் வருவது வேறொன்றில். நோவில்லாத கழுத்துக் கட்டிக்கு அன்டிபயோட்டிக் மாறி மாறிக் கொடுத்து மாதங்களை வீணாக்குகிறோம். மூன்று கிழமையில் வற்றாவிட்டால் காது மூக்கு தொண்டை நிபுணரிடம் அனுப்ப வேண்டும். 2017இல் எச்.பி.வி. தடுப்பூசியை அரசாங்கம் பாடசாலைகளில் தொடங்கியபோது பெண் பிள்ளைகளுக்கு மட்டும்தான் கொடுத்தது, தொண்டையில் இது ஆண்களுக்குத்தான் கூட வருகிறது என்று தெரிந்தும்.

மகள் தரம் 6 என்று எழுதியிருக்கிறீர்கள். பாடசாலையில் ஊசிக்கான படிவம் வந்தால் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், ஆறு மாதம் கழித்து வரும் இரண்டாவதையும் மறக்காதீர்கள்.