வாசகர் கேள்வி – பதில்: மண் கல்லில் கண்ணாடி

கே: காலி பாட்டில்கள் எங்கள் ஊரில் குவிந்து கிடக்கின்றன. உடைத்து, மெஷினில் அழுத்தி எடுக்கும் மண் கல்லில் சேர்க்கலாமா? சிமென்ட் மிச்சமாகுமா?
– விழுப்புரம் வாசகர்

ப: சேர்க்கலாம். சிமென்ட் மிச்சமாகாது. மணல் பருமனில் போகும் கண்ணாடி மணலின் வேலையைத்தான் செய்யும். 75 மைக்ரானுக்கும் கீழே, மாவாக அரைத்தால்தான் சிமென்டிலிருந்து வெளிவரும் சுண்ணாம்போடு சேர்ந்து மெல்ல இறுகும். அப்படி அரைக்கும் செலவு, மிச்சமாகும் சிமென்டை விழுங்கிவிடும். ஆற்று மணலுக்குப் பதில் என்று நினைத்துக்கொள்ளுங்கள், கணக்குச் சரியாக வரும்.

100 கிலோ உலர் கலவைக்கு: சலித்த செம்மண் 80, கண்ணாடி மணல் 15, சிமென்ட் 5. மண்ணில் களி 20 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும். ஏற்கெனவே மணற்பாங்கான மண் என்றால் கண்ணாடியே வேண்டாம். சேர்த்தால் கல்லின் விளிம்பு உதிரும். வழவழப்பான கண்ணாடியைக் களி அவ்வளவாகப் பற்றுவதில்லை.

நிறம் ஒன்றாகும்வரை உலர்வாகவே புரட்டி, பிறகு சுமார் 10 லிட்டர் தண்ணீரைத் தெளியுங்கள். ஒரு பிடி பிடித்து, இடுப்பு உயரத்திலிருந்து கெட்டித் தரையில் போடுங்கள். நாலைந்து துண்டாக உடைந்தால் பதம். பொலபொலவென்று உதிர்ந்தால் ஈரம் போதாது. சப்பையாகி ஒட்டிக்கொண்டால் ஈரம் அதிகம். தண்ணீர் சேர்த்த அரை மணிக்குள் அழுத்தி முடியுங்கள். 240 × 240 × 90 மி.மீ. அச்சில் பத்துக் கல்லுக்குக் குறையாது. கல்லின் மேல் போர்த்தும் ஈரச் சாக்கு 28 நாள் காயக்கூடாது.

கண்ணாடியை 4 மி.மீ. சல்லடையில் சலியுங்கள். ஊசிபோல் நீண்ட சில்லு சல்லடைக் கண்ணில் செங்குத்தாக நழுவி வந்து, கல்லின் முகத்தில் துருத்தி நின்று, அடுக்குபவர் கையைக் கிழிக்கும். சில்லு நிறைய வந்தால் இன்னொரு முறை இடிக்க வேண்டியதுதான். குளிர்பான பாட்டில்களைக் கழுவாமல் இடிக்காதீர்கள்: சர்க்கரை சிமென்டை இறுக விடாது. டியூப் லைட்டில் பாதரசம், பழைய டிவி திரையில் ஈயம், இரண்டும் ஆகாது. இடிப்பவருக்கு முகமூடியும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம்.

கே: செங்கல் சூளை வைத்திருக்கிறோம். களிமண்ணில் கண்ணாடித் தூள் கலந்தால் விறகு குறையுமா?
– பண்ருட்டி வாசகர்

ப: பாட்டில் கண்ணாடி 700 டிகிரி செல்சியஸ் வாக்கில் இளகத் தொடங்கும். செங்கல் வேகும் சூட்டுக்கு முன்பே இளகி, நுண்துளைகளை அடைப்பதால் கல் குறைவாகத் தண்ணீர் குடிக்கும். சிக்கல், நாட்டுச் சூளையில் சூடு ஒரே சீராக இருக்காது. தீவாய்க்கு அருகே வைத்தால் கல் வளைந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வழக்கமாக வேகாமல் போகும் மேல் வரிசையிலும் வெளி ஓரத்திலும் மட்டும் இந்தக் கல்லை அடுக்குங்கள். பச்சையாக இருக்கும்போதே அடையாளக் கோடு போட்டுவிடுங்கள். எடையில் 5 சதவீதத்தில் தொடங்கலாம். தூள் ரவையைவிட நைசாக வேண்டும், பருத்திருந்தால் பளபளவென்று குழி விழும். விறகில் பெரிய மிச்சம் எதிர்பார்க்காதீர்கள். லாபம், அரைவேக்காட்டுக் கல் குறைவதில்தான்.

கே: எங்களுடையது கரிசல் மண். கண்ணாடி சேர்த்தால் வெடிப்பு நிற்குமா?
– கோவில்பட்டி வாசகர்

ப: நிற்காது. கரிசலின் உப்பலை அடக்குவது சுண்ணாம்பு. எடையில் 6 முதல் 8 சதவீதம் சேர்த்து, ஒரு நாள் ஈரமாக மூடி வைத்துப் பிறகு அழுத்துங்கள்.